வெயிலில் பிறக்கும் நச்சுக் காற்று

(தில்லியில் உழைத்து வாழும் தமிழ்க் குடும்பங்களின் வாசிப்பு வட்டத்தில் பேசிய பேச்சு)



போன கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஒரு அக்கா என்னை நிறுத்தினார். அவர் கட்டட வேலைக்குப் போகிறவர். செங்கல் சுமப்பவர். அவர் கேட்டார்:

"ஐயா, ஐப்பசி, கார்த்திகையில் தில்லி முழுக்கப் புகை மூட்டம். எதிரே வரும் ஆள் தெரியாது. அப்போது இருமல் வந்தால் காரணம் புரிகிறது. சித்திரை, வைகாசியில் அந்தப் புகை இல்லை. ஆனாலும் மதியம் கல் சுமக்கும்போது தொண்டை கரகரக்கிறது. மூச்சை இழுத்தால் நெஞ்சு வலிக்கிறது. இது ஏன்?"

முதலில் மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். நெஞ்சு வலியை அலட்சியம் செய்யக் கூடாது. ஆனால் அவர் கேட்டது நல்ல கேள்வி. வெயில் ஒரு காரணமாக இருக்கலாம். புழுதி ஒரு காரணமாக இருக்கலாம். மூன்றாவது ஒன்றும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. அதன் பெயர் ஓசோன். இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஓசோன் என்றால் என்ன? நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் இரண்டு அணுக்கள் சேர்ந்திருக்கும். மூன்று அணுக்கள் சேர்ந்தால் அது ஓசோன். ஓர் அணுதான் கூடுதல். ஆனால் குணம் அடியோடு மாறிவிடுகிறது.

"ஓசோன் நல்லது, அது நம்மைக் காப்பாற்றுகிறது என்று கேட்டிருக்கிறோமே" என்று சிலர் நினைக்கலாம். அதுவும் உண்மைதான். வானத்தில் வெகு உயரத்தில் ஓசோன் படலம் இருக்கிறது. சூரியனின் கெட்ட கதிர்களை அது தடுக்கிறது. அங்கே அது நமக்குக் குடை. ஆனால் அதே ஓசோன் தரைக்குப் பக்கத்தில் உண்டானால் நச்சு. நெருப்பு அடுப்பில் இருந்தால் சோறு. கூரையில் இருந்தால் கேடு. ஓசோனும் அப்படித்தான். இருக்கும் இடம்தான் முக்கியம்.

தரைப் பக்கத்து ஓசோன் எங்கிருந்து வருகிறது? எந்தப் புகைபோக்கியும் அதை நேராகக் கக்குவதில்லை. அது காற்றிலேயே சமைக்கப்படுகிறது. சாம்பார் வைக்கப் பருப்பு வேண்டும். புளி வேண்டும். அடுப்பும் எரிய வேண்டும். ஓசோன் உண்டாகவும் மூன்று வேண்டும்.

முதலாவது, நைட்ரஜன் ஆக்சைடு என்ற வாயு. லாரி, கார், டீசல் ஜெனரேட்டர், அனல் மின் நிலையம், தொழிற்சாலைக் கொதிகலன் ஆகியவற்றின் புகையில் இது இருக்கிறது.

இரண்டாவது, எளிதில் ஆவியாகும் பொருள்களின் ஆவி. பெட்ரோல், பெயிண்ட், தின்னர், பசை ஆகியவற்றின் வாடை நமக்குத் தெரியும். அந்த வாடைதான் இந்த ஆவி. குப்பையை எரித்தாலும் இப்படிப்பட்ட ஆவிகள் வரும்.

மூன்றாவது, வெயில். அதுதான் அடுப்பு.

தில்லியை நினைத்துப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் தில்லியில் மட்டும் 1 கோடியே 68 லட்சம் பேர். சுற்றிலும் காசியாபாத், நொய்டா, ஃபரீதாபாத், குர்கான், பானிபட். எல்லாம் தொழில் நகரங்கள். பருப்புக்கும் புளிக்கும் இங்கே பஞ்சம் இல்லை. ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் அடுப்பும் நன்றாக எரிகிறது. அதனால்தான் கோடையில் ஓசோன் கூடுகிறது. மழைக்காலம் வந்ததும் மேகம் வெயிலை மறைக்கிறது. ஓசோனும் குறைகிறது.

ஒரு நாளுக்குள்ளும் இதே கதைதான். காலையில் வண்டிகள் ஓடத் தொடங்குகின்றன. புகை சேர்கிறது. வெயில் ஏற ஏற ஓசோன் பெருகுகிறது. நண்பகல் முதல் மாலை 4 மணி, 5 மணி வரை அதிகமாக இருக்கிறது. பொழுது சாய்ந்ததும் குறைகிறது.

இதை மனிதர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் என்று ஒரு பெரிய நகரம். 1943 ஜூலையில் ஒரு நாள் அங்கே புகை மூட்டம் சூழ்ந்தது. கண் எரிந்தது. தொண்டை எரிந்தது. அது உலகப் போர் நடந்த காலம். எதிரிகள் விஷவாயு வீசிவிட்டார்களோ என்று மக்கள் பயந்தார்கள். பிறகு ஒரு தொழிற்சாலை மேல் சந்தேகம் விழுந்தது. அதைக் கொஞ்ச காலம் மூடினார்கள். ஆனாலும் மூட்டம் போகவில்லை.

ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியல் அறிஞர் இதை ஆராய்ந்தார். வண்டிப் புகையும் எண்ணெய் ஆலை ஆவியும் வெயிலில் சேர்ந்து ஓசோன் ஆகிறது என்று 1950களின் தொடக்கத்தில் காட்டினார். எதிரி வெளியே இல்லை. நகரத்தின் சொந்தப் புகைதான் எதிரி. அந்த ஊரில் ரப்பர் பொருள்கள் சீக்கிரமே வெடித்துப் போயின. ஓசோன் ரப்பரையே வெடிக்க வைக்கும். அப்படியானால் மென்மையான நுரையீரல் என்ன ஆகும்?

ஓசோன் மூச்சுக் குழாயைப் புண்ணாக்குகிறது. இருமல் வரும். ஆழமாக மூச்சு இழுத்தால் வலிக்கும். ஆஸ்துமா இருந்தால் அதிகமாகும். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் ஆபத்து கூடுதல். வெளியில் கடினமாக உழைப்பவர்களுக்கும் அப்படியே. சும்மா உட்கார்ந்திருப்பவர் குறைவாக மூச்சு விடுகிறார். கல் சுமப்பவர் வேகமாக மூச்சு விடுகிறார். அதனால் அதிக நச்சை உள்ளே இழுக்கிறார். குளிர் அறைக்குள் இருப்பவருக்கும் மதிய வெயிலில் நிற்பவருக்கும் இந்தக் காற்று ஒன்று அல்ல.

பயிரும் தப்புவதில்லை. ஓசோன் காற்றோடு நகர்ந்து கிராமத்துக்கும் போகிறது. இலைக்குள் புகுந்து கோதுமை விளைச்சலைக் குறைக்கிறது. இன்னொரு வியப்பும் உண்டு. வண்டியிலிருந்து புதிதாக வரும் புகை ஓசோனைக் கொஞ்சம் தின்றுவிடும். அதனால் நெரிசலான சாலையை விட, மரம் நிறைந்த இடத்திலும் ஊர் எல்லையிலும் ஓசோன் சில நேரம் அதிகம் இருக்கும். பச்சையாக இருக்கிறது என்பதால் மட்டும் காற்று சுத்தம் என்று நம்ப முடியாது.

2020இல் கொரோனா ஊரடங்கு வந்தது. தில்லியில் வண்டிகள் நின்றன. தூசியும் நைட்ரஜன் ஆக்சைடும் வெகுவாகக் குறைந்தன. ஆனால் ஓசோன் அந்த அளவுக்குக் குறையவில்லை. இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. ஒன்றை மட்டும் குறைத்தால் போதாது. புகையையும் குறைக்க வேண்டும். ஆவியையும் குறைக்க வேண்டும்.

முடியுமா? முடியும். உச்ச நீதிமன்ற உத்தரவால் 2002க்குள் தில்லியின் அரசு பஸ்கள் டீசலை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறின. 2018இல் பதர்பூர் அனல் மின் நிலையம் மூடப்பட்டது. காற்றுக்கு மாநில எல்லை கிடையாது. அதனால் தில்லிக்கும் அண்டை மாநிலங்களுக்கும் சேர்த்து ஒரு காற்றுத் தர ஆணையம் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி செயல்படுகிறது. ஆனால் 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டம் தூசியைக் குறைக்கத்தான் இலக்கு வைத்தது. கண்ணுக்குத் தெரியும் புகையைப் பற்றிப் பேசுகிறோம். தெரியாததை மறந்துவிடுகிறோம்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

கடின வேலையை விடியற்காலையில் தொடங்குங்கள். பகல் 12 மணி முதல் 4 மணி வரை முடிந்தவரை உள்ளே, நிழலில் இருங்கள். குழந்தைகள் ஓடி விளையாடக் காலை நேரம் நல்லது. முகத்தில் துணி கட்டினால் புழுதி கொஞ்சம் நிற்கும். ஓசோன் நிற்காது. அது வாயு. பெயிண்ட், தின்னர் டப்பாக்களை இறுக மூடுங்கள். குப்பையை எரிக்காதீர்கள்.

"மதியம் வேலை செய்யாவிட்டால் கூலி யார் தருவார்?" என்று நீங்கள் கேட்பது எனக்குப் புரிகிறது. தனியாகக் கேட்டால் மேஸ்திரி மறுப்பார். எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். "வேலையைக் குறைக்கச் சொல்லவில்லை. நேரத்தை மாற்றுங்கள்" என்று கேளுங்கள். கேரளத்தில் கோடையில் பகல் 12 முதல் 3 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று தொழிலாளர் துறை உத்தரவு போடுகிறது. அது வெப்பத்துக்காகச் செய்த ஏற்பாடு. ஓசோன் கூடும் நேரமும் அதுதான். அங்கே முடிந்தது இங்கேயும் முடியும்.

கடைசியாக ஒன்று. 2015 முதல் நம் நாட்டில் காற்றுத் தரக் குறியீடு வெளியிடப்படுகிறது. அதில் கணக்கில் எடுக்கும் 8 பொருள்களில் ஓசோனும் ஒன்று. செல்போனில் 'சமீர்' என்ற செயலியில் இதைப் பார்க்கலாம். ஓசோனைக் குறிக்க வட்டமான ஆங்கில எழுத்து 'ஓ' எழுதுவார்கள். பக்கத்தில் 3 என்ற எண். அதுதான் ஓசோன். நம் நாட்டு அளவுப்படி, ஒரு கன மீட்டர் காற்றில் 8 மணி நேரச் சராசரியாக 100 மைக்ரோகிராமுக்கு மேல் ஓசோன் இருக்கக் கூடாது.

எழுத்தும் எண்ணும் இப்போது நமக்குத் தெரியும். மொழி வேறானாலும் எண் எண்தான். அந்த எண்ணைப் படியுங்கள். பக்கத்து வீட்டுக்குச் சொல்லுங்கள். மேஸ்திரியிடம் காட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத நச்சை நாம் படித்துத் தெரிந்துகொள்வோம். தெரிந்ததைச் சேர்ந்து கேட்போம்.

கேள்வி கேட்ட அந்த அக்காவுக்கு என் நன்றி.