ஒன்பதாம் வகுப்பில் உயர்தர வரலாறா?

(பெற்றோர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் குடியேறிய நம்மவர்களின் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பிற் காலடி வைக்கும்போது, ஒரு கேள்வி கடல் கடந்து நமது முற்றத்துக்கும் வந்து சேருகின்றது. பிள்ளையைச் சாதாரண வரலாற்று வகுப்பில் விடுவதா, உயர்தர வகுப்பிற் சேர்ப்பதா என்பதே அக்கேள்வி. தாத்தாவிடமும் பாட்டியிடமும் தொலைபேசியில் யோசனை கேட்கின்றனர். கேட்டவர்க்கு ஆராய்ந்து விடை கூறுதல் நம் கடமையாகும்.

அந்த உயர்தர வகுப்பு யாது? 'ஏ.பி.' என்று சுருக்கமாக வழங்கும் இத்திட்டம் 1950 களின் நடுப்பகுதியில் தொடங்கியது. காலேஜ் போர்ட் என்னும் நிறுவனம் இதனை நடத்துகின்றது. பள்ளியில் இருந்துகொண்டே பல்கலைக்கழகத் தொடக்கத் தரத்திற் பயில்வதே இதன் நோக்கம். மே மாதத்திற் பரீட்சை நடைபெறும். புள்ளிகள் 1 முதல் 5 வரை. பல கல்லூரிகள் 3 புள்ளியை ஏற்கும். சில 4 அல்லது 5 கேட்கும். சில எதனையும் ஏற்பதில்லை. ஆகவே, இதனாற் பல்கலைக்கழகச் செலவு நிச்சயம் குறையும் என எண்ணிக் கணக்கிடுவது பேதைமை.

2025 ஆம் ஆண்டின் உலக வரலாற்றுப் பரீட்சையை நோக்குவோம். மொத்தம் 3 மணி 15 நிமிடம், 55 பல்தேர்வு வினாக்கள், 3 குறுவிடை வினாக்கள், 7 ஆவணங்களை ஆராய்ந்து எழுதும் கட்டுரை ஒன்று, வேறொரு கட்டுரை. மன்னர் பெயரையும் ஆண்டையும் மனனஞ் செய்தவன் இங்கே கரை சேரான். எழுதியவன் யார், யாருக்காக எழுதினான், எதனை மறைத்தான் என்று வினவத் தெரிந்தவனே தேறுவான்.

எனவே நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. பிள்ளை நாள்தோறும் கடினமான பல பக்கங்களை விரும்பி வாசிக்குமா? தன் கருத்தைச் சான்றுகாட்டி எழுதுமா? இந்த வகுப்பை விரும்பியது பிள்ளையா, அயல்வீட்டாரோடு போட்டியிடும் பெற்றோரா? மூன்றுக்கும் நல்ல விடை கிடைப்பின் தயங்காது சேர்க்கலாம். இல்லையெனில் ஓராண்டு பொறுத்தலே அறிவு. பத்தாம், பதினோராம் வகுப்புகளிலும் இவ்வாய்ப்பு உண்டு. முற்றாத நாற்றைப் பிடுங்கி நட்டால் வேர் பிடியாது என்பதை நம் கமக்காரருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

நம்மவரிற் சிலர், "வரலாறு சோறு போடுமா? கணிதமும் விஞ்ஞானமும் போதும்" என்பர். இதனை நாம் ஒப்புக்கொள்ளோம். 2018 இல் அந்நிறுவனம் உலக வரலாற்றுப் பாடத்தை 1450 இலிருந்து தொடங்க முற்பட்டது. ஐரோப்பியர் வருகைக்கு முந்திய ஆசியாவும் ஆபிரிக்காவும் மறைந்துபோகும் என ஆசிரியரும் மாணவரும் எதிர்த்தனர். அதன் பின்னரே தொடக்கம் 1200 என மாற்றப்பட்டது. படித்த பிள்ளைகள் வாய்திறந்தமையாற் கிடைத்த பயன் இது!

எனினும், 1200 இல் தொடங்கினால் 1025 இல் இராசேந்திர சோழன் நடத்திய கடற்படையெடுப்பு எல்லைக்கு வெளியே நின்றுவிடும். 1619 இற் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த யாழ்ப்பாண அரசு அக்காலப் பகுதிக்குள் அடங்குவதாயினும், அதனைப் பாடநூல் விரித்துரைக்கும் என எதிர்பார்த்தல் வீண். எந்த வகுப்பிற் சேர்ந்தாலும் இக்குறையை நிரப்ப வேண்டியவர்கள் வீட்டிலுள்ள நாமே.

புள்ளிக்காக ஒன்பதாம் வகுப்பிலேயே நெருக்குண்ட பிள்ளை, வரலாற்றை வாழ்நாள் முழுவதும் வெறுத்துவிடவும் கூடும். அந்த இழப்பை எந்த 5 புள்ளியும் ஈடுசெய்யாது. ஆகவே, அடுத்த முறை தொலைபேசி ஒலிக்கும்போது, "எந்த வகுப்பு?" என்பதற்கு முன், "பிள்ளை இப்போது என்ன வாசிக்கிறது?" என்று கேட்போமாக. அவ்விடையிலேயே நமது முடிவும் அடங்கியிருக்கும்.