இல்லத்து மதகுகள்

(விழா அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தமிழாசிரியையாகிய நான் இலக்கியம் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று வீட்டுக் குழாய்களைப் பற்றிப் பேச வந்துள்ளேன். அதற்குக் காரணம் ஒரு கோடை இரவு.

முழங்கால் அறுவை முடிந்து, என் கணவர் கைத்தடி ஊன்றி நடக்கப் பழகிய காலம் அது. நள்ளிரவில் கைகழுவும் தொட்டியின் கீழிருந்த இணைப்புக் குழாய் வெடித்தது. கூடமெங்கும் நீர் பரவியது. அவர் எழுந்து வந்தால் வழுக்கி விழுவாரே என்னும் அச்சம் ஒருபுறம். எதனை மூடினால் நீர் நிற்கும் என்றறியாத திகைப்பு மறுபுறம். என் கூக்குரல் கேட்டு அடுத்த வீட்டுச் சிறுமி ஓடிவந்தாள். குனிந்து, தொட்டியின் கீழே சுவரிலிருந்த சிறு திருகியைத் திருப்பினாள். நீர் நின்றது. “அவ்வளவுதான் பாட்டி” என்றாள். முப்பது ஆண்டுகள் கற்பித்த நான் அன்று அவளுடைய மாணவியானேன்.

குழாயின் வாயில் துணி கட்டி நீரை வடித்துப் பருகும் வழக்கம் நம் இல்லங்கள் பலவற்றில் உண்டு. குழாயின் வாயை அறிந்த நாம் அதன் மதகை அறிந்திருக்கிறோமா? ஏரிக்கு மதகு எங்கே என்பதை ஊரார் அனைவரும் அறிவர். வீட்டு மதகு எங்கே என்பதை வீட்டார் ஒருவரேனும் அறிய வேண்டாவா?

வீட்டு நீர்க்கருவிகளை அளிப்பவை, அடைப்பவை, காப்பவை என மூவகையாகக் கொள்ளலாம்.

அளிப்பவை குழாய்கள். சுவரிலிருந்து நீள்வது ஒருவகை. கைகழுவும் தொட்டியின்மேல் நிமிர்ந்து நிற்பது மற்றொரு வகை. பழைய திருகு குழாயில் சொட்டு நிற்கவில்லையெனில் பெரும்பாலும் உள்ளிருக்கும் வாஷர் தேய்ந்திருக்கும். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளில் 86,400 சொட்டுகள். 20 சொட்டை ஒரு மில்லிலிட்டர் எனக் கொண்டால் நான்கு லிட்டருக்கும் மேல் வீணாகும். விரல் வலுவிழந்த முதியோர்க்குத் திருகு குழாயைவிடக் கைப்பிடியைக் கால்வட்டம் திருப்பும் குழாயே ஏற்றது.

அடைப்பவை வால்வுகள். மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் இருப்பது முதன்மை வால்வு. பந்து வால்வாயின் அதன் கைப்பிடி குழாயோடு ஒரே நேராக இருந்தால் திறப்பு; குறுக்காக இருந்தால் அடைப்பு. கைகழுவும் தொட்டி, கழிப்பறைத் தொட்டி ஆகியவற்றின் அருகே இருப்பது ஆங்கிள் வால்வு. அன்று அச்சிறுமி திருப்பியது இதனையே. நெடுநாள் தொடாத வால்வு இறுகிவிடும். மூன்று திங்களுக்கு ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள். கழிப்பறைத் தொட்டிக்குள் இருக்கும் மிதவை வால்வு, நீர் நிரம்பியதும் தானே அடைக்கும். தொட்டியில் உணவு வண்ணம் சில துளிகள் இட்டு, அரைமணி நேரம் நீர் விடாதிருங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் கசிவு உண்டு என்பது உறுதி.

காப்பவை, கழிவுக் குழாயின் வளைவுகள். அவ்வளைவில் தேங்கும் சிறிதளவு நீரே சாக்கடைக் காற்றையும் பூச்சியையும் வீட்டிற்குள் வரவிடாது தடுக்கிறது. அலெக்சாண்டர் கம்மிங் என்பார் 1775-இல் காப்புரிமை பெற்ற கழிப்பறை அமைப்பில் இத்தகைய வளைவு இருந்தது. ஊர் சென்று பலநாள் கழித்துத் திரும்பும்போது குளியலறையில் நாற்றம் வீசுவது, அந்நீர் வற்றியதனால் இருக்கலாம். ஒவ்வொரு நீர்ப்போக்கிலும் ஒரு குவளை நீர் ஊற்றுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

அன்பர்களே, இன்று இல்லம் திரும்பியதும் ஒன்று செய்யுங்கள். பெரியவர் முதல் பேரக்குழந்தை வரை அனைவரையும் அழைத்து, முதன்மை வால்வைக் காட்டுங்கள். அவரவர் கையாலேயே ஒருமுறை மூடித் திறக்கச் செய்யுங்கள். எங்கள் வீட்டில் அதில் ஒரு சிவப்பு நாடா கட்டியிருக்கிறோம். கட்டியவர், கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்த என் கணவர்.