காய்ச்சலும் உடலின் தூதுவர்களும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் பிள்ளைகளைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் அனுப்பி வருகிறது. அவர்கள் பெறும் கல்வி வீட்டுக்கும் வயலுக்கும் பயன்படுதல் வேண்டும். அதற்கோர் எடுத்துக்காட்டாக, நாம் எல்லோரும் பட்டறிந்த காய்ச்சலைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறோம்.

2006ஆம் ஆண்டில் சிக்குன்குனியா தமிழகமெங்கும் பரவியதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டில் இந்தியாவில் 13 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளானதாகக் கணக்கிடப்பட்டது. அது நமக்குப் புதிய நோயும் அன்று. 1964இலேயே சென்னையில் பரவியிருக்கிறது. அப்பெயர் டான்சானியா நாட்டு மக்கோண்டே மொழிச் சொல். உடலை வளைத்துவிடுவது என்பது அதன் பொருள். மூட்டுவலியால் நிமிர முடியாமற் போனவர்களுக்கு இப்பெயரின் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை.

நடவுக்கும், திராட்சைத் தோட்டத்துக்கும், கம்பம் மெட்டும் போடி மெட்டும் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கும் செல்லும் நம் மக்களுக்குக் கையும் காலுமே முதல். காய்ச்சல் சில நாளில் தணிந்தாலும் வலி பல மாதங்கள் நிற்பதுண்டு. அப்போது, “காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, இன்னும் என்ன சோம்பல்?” என்ற ஏச்சும் வருகிறது. கூலி போய்விடுமே என்ற அச்சத்தில், இன்ன மருந்தென்று கேளாமலே ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்கு ஓடுவோரும் உளர். ஏச்சும் தவறு, அவ்வூசியும் தவறு. ஏன் என்பதை அறிவியல் தெளிவாகக் காட்டுகிறது.

வைரஸ் தானாகப் பெருக இயலாத நுண்பொருள். நம் உடலின் உயிரணுவுக்குள் புகுந்து, அதன் கருவிகளைக் கொண்டே தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. ஆனால் தாக்கப்பட்ட அணு வாளாவிருப்பதில்லை. ஒரு கூரையில் தீப்பற்றினால் அவ்வீட்டார் கூவித் தெருவையே எழுப்புவது போல, அது சில புரதங்களை வெளியிட்டு அண்டை அணுக்களை எச்சரிக்கிறது. அவ்வணுக்கள் உடனே வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் வேறு புரதங்களை உண்டாக்கிக் காவலுக்கு நிற்கின்றன.

1957இல் இலண்டன் நகரில் அலிக் ஐசக்ஸ், ஜீன் லிண்டன்மன் என்னும் அறிஞர் இருவர் இதனைக் கண்டறிந்தனர். வெப்பத்தால் செயலிழக்கச் செய்த இன்ஃபுளுவென்சா வைரஸைக் கோழிக்கருவின் மெல்லிய சவ்வோடு சேர்த்து வைத்தனர். பின்னர் அந்தச் சவ்வு இருந்த நீர்மத்தைப் புதிய சவ்வில் இட்டபோது, அது வைரஸின் பெருக்கத்தைத் தடுத்தது. குறுக்கிட்டுத் தடுப்பதால் அப்பொருளுக்கு இன்டர்ஃபெரான் என்று பெயரிட்டனர்.

இன்டர்ஃபெரான் போன்ற தூதுப் புரதங்கள் பல உள்ளன. அவற்றுக்குச் சைட்டோகைன் என்பது பொதுப் பெயர். இன்டர்லியூக்கின்-1, இன்டர்லியூக்கின்-6 போன்றவை குருதிவழி மூளைக்குச் செய்தி அனுப்பி உடற்சூட்டை உயர்த்துகின்றன, அதுவே காய்ச்சல். வேறு சில குருதிக் குழாய்களை விரியச் செய்து வெள்ளணுக்களை நோயுற்ற இடத்துக்கு அழைக்கின்றன. அங்கே சிவப்பும், சூடும், வீக்கமும், வலியும் தோன்றுகின்றன. இதுவே அழற்சி. ஆகவே காய்ச்சலும் வீக்கமும் பெரும்பாலும் நம் உடல் நடத்தும் போரின் அடையாளங்களே. தெய்வக் குற்றமுமன்று, எவர் தீட்டுமன்று. எந்தத் தெருவில் பிறந்தவர்க்கும் இத்தூதுவர்கள் ஒன்றே.

ஆனால் தீ அணைந்த பின்னும் கூச்சல் ஓயாவிடில் தெருவுக்கே தொல்லை. சிக்குன்குனியாவில் சிலர்க்கு நேர்வது இதுவே. சிங்கப்பூரில் அந்நோயாளிகளை ஆராய்ந்து 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, மூட்டுவலி நீடித்தவர்களின் குருதியில் இன்டர்லியூக்கின்-6 மிகுந்திருந்ததைக் காட்டியது. எனவே எழ முடியவில்லை என்று ஒரு தாய் சொன்னால் அது சோம்பலன்று. குருதியில் அளந்து காணத்தக்க உண்மை.

இனி ஊசிக்கு வருவோம். ஸ்டீராய்டு என்னும் மருந்து இத்தூதுவர்களின் குரலை அடக்குவது. எந்த வேளையில் அடக்குகிறோம் என்பதில்தான் நன்மையும் தீமையும் இருக்கின்றன. 2020இல் பிரிட்டனில் கொரோனா நோயாளிகளிடம் நடந்த பெரும் ஆய்வில், செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோரின் சாவை டெக்சாமெத்தசோன் என்னும் மலிவான ஸ்டீராய்டு மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆனால் ஆக்சிஜன் தேவைப்படாத நோயாளிகளுக்கு அதனால் யாதொரு பயனும் கிட்டவில்லை. 2021இல் நம் நாட்டில் கருப்புப் பூஞ்சை நோய் பரவியதற்கு, கட்டுக்கடங்காத சர்க்கரை நோயோடு ஸ்டீராய்டை அளவின்றிப் பயன்படுத்தியதும் ஒரு காரணமென்று மருத்துவர்கள் எடுத்துரைத்தனர். போர் தொடங்கும்போதே காவலரின் வாயைக் கட்டினால் கொள்ளையனுக்கே ஆதாயம்.

ஆதலின் இளைஞர்களே, நீங்கள் வீடுதோறும் சொல்ல வேண்டியவை சில. காய்ச்சல் கண்டால் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். போடும் ஊசியின் பெயரைக் கேளுங்கள்; கேட்பது நம் உரிமை. டெங்கு இல்லையென்று தெரியும்வரை, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர்த்து ஆஸ்பிரின் போன்ற வலிமாத்திரைகளைத் தாமாக உண்ண வேண்டாம். அவை குருதிக் கசிவை மிகுவிக்கக் கூடும். சிக்குன்குனியாவையும் டெங்குவையும் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது; தேக்கிய நல்ல நீரில் வளர்வது. குடங்களையும் தொட்டிகளையும் மூடி வையுங்கள். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். அதனோடு நில்லாமல், பல நாளுக்கொருமுறை குழாயில் நீர் வந்தால் எவரும் தேக்கித்தான் வைப்பர் என்பதை ஊராட்சிக்கு எடுத்துச் சொல்லி, நாள்தோறும் நீர் வரக் கேளுங்கள். இதுவும் மருத்துவமே.

க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி நிற்கிறது. மருத்துவராக, செவிலியராக, ஆய்வுக்கூட வல்லுநராக நம் பிள்ளைகள் அதன் வாயிலில் நுழைய வேண்டும். கற்றவர் ஒருவர் தெருவில் இருந்தால், தாக்கப்பட்ட முதல் அணுவைப் போல், ஏனையோரை வேளையறிந்து எழுப்புவார். அத்தகையோரை வீடுதோறும் உருவாக்குவதே அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு நம் சங்கத்தின் பணியாகட்டும்.