பேர் சொல்லும் பிள்ளை



இந்தக் கருத்தரங்கை அலோர்ஸ்டாரில் வைத்திருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். சுங்கைப்பட்டாணிக்குப் பக்கத்திலுள்ள இந்தத் திகாம் பத்துவில் நடப்பதே பொருத்தம். நாம் பேசப்போவது தோட்டத்து லயத்தை விட்டுச் சுங்கைப்பட்டாணித் தாமான்களுக்குக் குடிவந்த குடும்பங்களில் திக்குகிற பிள்ளைகளைப் பற்றி.

பன்னிரண்டு வயதில் ஒரு பையன் ஐ.சி. எடுக்கத் தேசியப் பதிவிலாகாவுக்குப் போகிறான். முகப்பில் இருப்பவர் "நாமா ஆப்பா?" என்கிறார். திக்குகிற பிள்ளை வராத சொல்லை ஒதுக்கிவிட்டு வேறொன்றை வைத்து ஒப்பேற்றிவிடுவான். சொந்தப் பேருக்கு மாற்றுச் சொல் ஏது? உதடு ஒட்டிக்கொள்கிறது. கழுத்து நரம்பு புடைக்கிறது. பின்னால் நிற்கும் அம்மா முந்திக்கொண்டு பேரைச் சொல்லிவிடுகிறார். பதினெட்டில் அட்டையை மாற்ற வரும்போதும் அம்மாதான் சொல்கிறார். இடையிலுள்ள இந்த ஆறு ஆண்டுகளைப் பற்றியே என் கவலை.

சிறுவயதில் நூற்றுக்கு ஐந்து பிள்ளைகளுக்காவது திக்கல் வருகிறது. பெரும்பாலோருக்குத் தானே போய்விடும். பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவரிடம் தங்குகிறது. அவர்களில் ஆண்களே அதிகம். பயத்தாலோ வளர்ப்பாலோ மூன்று மொழி படிப்பதாலோ வருவதன்று. பதின்ம வயதிலும் நீடித்தால் முழுதாக மறைவது அரிது. பயிற்சியால் இறுக்கம் குறையும். நாக்கில் வசம்பு தேய்த்ததும் வாயில் கூழாங்கல் போட்டதும் போதும்.

கற்றல் குறைபாடும் சேர்ந்துவிட்டால் ஒன்றை ஒன்று மறைத்துக்கொள்கிறது. வாசிக்கச் சொன்னால் நிற்கிறான். எழுத்து பிடிபடவில்லையா, சொல் வெளிவரவில்லையா? ஆசிரியரும் குழம்புகிறார். திக்குபவனுக்கு மக்கு என்று பேர் விழுகிறது. வாசிக்கத் தெரியாதவனைக் கூச்சக்காரன் என்று விட்டுவிடுகிறோம். தமிழ்ப்பள்ளி முடித்துப் புகுமுக வகுப்பில் மலாய் மொழிக்கும் புதிய முகங்களுக்கும் நடுவே உட்காரும்போது இது முற்றிவிடுகிறது. பேச்சையும் வாசிப்பையும் தனித்தனியே சோதிக்காமல் அவனைப் பற்றி யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

வழியே இல்லை என்று சொல்லமாட்டேன். 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் இருக்கிறது. மீறினால் தண்டனை என்ற பிரிவுதான் அதில் இல்லை. எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாதென்ற கொள்கை 2019இல் வந்தது. எஸ்.பி.எம். மொழிப் பாடங்களில் இப்போது பேச்சுத் தேர்வும் உண்டு. சிறப்புத் தேவையுள்ள மாணவருக்குக் கூடுதல் நேரம் கேட்கலாம், ஆனால் பள்ளி முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். தொழில் கற்க மெர்போக்கில் சிறப்புக் கல்வித் தொழிற்பள்ளி இருக்கிறது, இங்கிருந்து தூரமில்லை. சமூக நல இலாகாவின் ஓகேயு (மாற்றுத்திறனாளி) கார்டில் பேச்சுக் குறைபாடு ஒரு பிரிவு, கற்றல் குறைபாடு இன்னொன்று. குறைந்த சம்பளத்தில் வேலை செய்யும் ஓகேயு தொழிலாளருக்கு உதவித்தொகை உண்டு. ஆனாலும் கார்டு எடுத்தால் நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று பெற்றோர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் எடுங்கள் என்றே சொல்வேன். பிள்ளையையும் உட்காரவைத்துப் பேசி முடிவெடுங்கள். அவனுக்குத் தெரியாமல் அவன் பேரில் ஒரு கார்டு வேண்டாம்.

மலாயாவைக் கதைகளாக எழுதிய சோமர்செட் மாம் திக்குவாய்க்காரர். தம் நாவலின் நாயகனுக்குத் திக்கலுக்குப் பதிலாகக் கோணல் பாதத்தைக் கொடுத்தார். பயணங்களில் கூடவந்த நண்பர் ஹாக்ஸ்டன்தான் அந்நியரோடு கலகலப்பாகப் பழகிக் கதைகளைத் திரட்டிவருவார். மாமுக்கு அந்த வசதி இருந்தது. நம் பையனுக்கு அம்மா இருக்கிறார். எத்தனை நாளைக்கு?

ஆகவே பதினான்கிலேயே தொடங்கவேண்டும் என்பது என் கட்சி. கடையில் தே தாரிக்கை அவனே கேட்கட்டும். கிளினிக்கில் உடம்புக்கு என்னவென்று அவனே சொல்லட்டும். சம்பளச் சீட்டில் என்ன பிடித்திருக்கிறார்கள் என்பதை எழுத்துக் கூட்டியாவது, கைப்பேசியை வாசிக்கவைத்துக் கேட்டாவது அவனே தெரிந்துகொள்ளட்டும். நேரமாகும், பின்னால் நிற்பவர் முறைப்பார். முறைக்கட்டும். "மூச்சை இழுத்து நிதானமாப் பேசு" என்ற அறிவுரை அவனை இன்னும் இறுக்கும். முகத்தைப் பார்த்துக்கொண்டு, வாக்கியத்தை நாம் முடித்துவைக்காமல் காத்திருந்தால் போதும்.

கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பள்ளி முடிந்த மறுநாள் காலை இவன் எங்கே போவான் என்பதற்கு ஒவ்வோர் அமர்விலும் பதில் தேடுங்கள். கேள்வி நேரத்தில் இங்கு வந்திருக்கும் இளைஞர்கள் முதலில் பேசுவார்கள். அவர்களுக்கு மணி அடிக்க வேண்டாமென்று நேரக் காப்பாளரிடம் சொல்லியிருக்கிறேன். அமர்வுகள் தாமதமானால் மதிய உணவைத் தள்ளிவைப்போம். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.