பொதுமக்கள் இல்லாத பொதுத் தேர்வு

நடுவர் அவர்களே! எதிரணியில் உட்கார்ந்து என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் நண்பர்களே! எங்கள் பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்து கடைசி வரிசையில் இடம் பிடித்திருக்கும் அக்காமார்களே, அண்ணன்மார்களே!

‘ஆராய்ச்சி செய்கிற மாணவர்கள் தங்கள் ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டிய இடம் அறிஞர் சபையா, ஊர்ச் சபையா?’ இதுதான் தலைப்பு. நான் ஊர்ச் சபைக் கட்சி. ஏன்னா நான் ரெண்டு சபையிலேயும் நின்னு பார்த்தவ. ரெண்டு சபையிலேயும் அடி வாங்கினவ! (சிரிப்பு)

நான் பிறந்து வளர்ந்தது திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் ஒரு குப்பம். எங்க நைனா கடலுக்குப் போறவர். அம்மா விடியக்காலையில் காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து, கூடையில் சுமந்து விக்கிறவங்க. நான் டாக்டர். ஊசி போடுற டாக்டர் இல்லைங்க, ஆராய்ச்சிப் பட்டம் வாங்கின டாக்டர். இது எங்க தெருவுக்கு இன்னும் முழுசா விளங்கலை. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தா ராத்திரி 11 மணிக்கு எங்க வீட்டுக் கதவைத்தான் தட்டுறாங்க! (சிரிப்பு)

என் ஆராய்ச்சி எதைப் பற்றி? எங்க வீட்டுக்குப் பக்கத்துத் தண்ணியைப் பற்றி. கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலைச் சேருது. பக்கிங்காம் கால்வாயும் அங்கேதான் வந்து கலக்குது. மணலித் தொழிற்சாலைப் பக்கத்துத் தண்ணி ஒரு வழியா வரும். அனல் மின் நிலையத்துச் சாம்பல் இன்னொரு வழியா வந்து ஆத்தோட அடியில் படியும். அந்தச் சாம்பல்ல ஈயம், காட்மியம், ஆர்சனிக் மாதிரி உலோகங்கள் உண்டு. அதே ஆத்துலதான் எங்க ஊர்ப் பொம்பளைங்க இடுப்பளவு தண்ணியில் இறங்கி, வாயில் பறியைக் கவ்விக்கிட்டு, கையால தடவித் தடவி இறால் பிடிக்கிறாங்க, மட்டி பொறுக்குறாங்க. தண்ணி, சேறு, மட்டி — இந்த மூணையும் அளந்து பார்க்கிறதுதான் என் வேலை. நாலு வருஷம் அளந்தேன்.

எதிரணி நண்பர் ஒரு கேலி பண்ணினார். ‘நாலு வருஷ ஆராய்ச்சியை மேடையில் மூணு நிமிஷத்தில் சொல்லச் சொல்றாங்க. இது ஆராய்ச்சியா, சினிமா டிரெய்லரா?’ன்னு கேட்டார். நீங்களும் கை தட்டினீங்க. அந்த மூணு நிமிஷம் எங்கேயிருந்து வந்ததுன்னு அவர் சொல்லலை. நான் சொல்றேன். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்துன்னு ஒரு மாநிலம். அங்கே கடும் வறட்சி. மூணு நிமிஷத்தில் குளிச்சு முடிங்கன்னு சொல்லி, குளியலறைச் சுவத்துல மணல் கடிகாரம் ஒட்டி வெச்சிருந்தாங்க. அதைப் பார்த்த அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஆலன் லாசனுக்கு ஒரு யோசனை. மூணு நிமிஷத்தில் ஒரு மனுஷன் குளிக்க முடியும்னா, தன் ஆராய்ச்சியைச் சொல்ல முடியாதா? 2008-ல் போட்டி வெச்சார். ஒரே ஒரு படம் காட்டலாம். பாட்டு, கவிதை கிடையாது. மூணு நிமிஷத்துக்கு மேல ஒரு நொடி போனாலும் போட்டியிலிருந்து நீக்கம். கேட்கிறவங்க அந்தத் துறை தெரியாதவங்களா இருந்தாலும் புரியணும். இன்னைக்குப் பல நாடுகள்ல அந்தப் போட்டி நடக்குது.

தண்ணிப் பஞ்சத்தில் பிறந்த போட்டி அது! எங்க தெருவில் லாரித் தண்ணிக்குக் குடத்தை வரிசையில் வெச்சா மூணு மணி நேரம். அந்தக் கணக்குப் பார்த்தா எனக்கு நீங்க மூணு மணி நேரம் கொடுக்கணும் நடுவர் அவர்களே! (சிரிப்பு. ‘மணி அடிச்சிடுவேம்மா’ என்கிறார் நடுவர்.)

சரிங்க, விஷயத்துக்கு வர்றேன். ஆராய்ச்சிப் பட்டத்துக்குக் கடைசியாக ஒரு தேர்வு உண்டு. அதுக்குப் பேர் ‘பொது வாய்மொழித் தேர்வு’. பேரைக் கவனிங்க. பொது! அறிவிப்புப் பலகையில் நோட்டீஸ் ஒட்டுவாங்க. போய்ப் பார்த்தா யார் இருப்பாங்க? வழிகாட்டிப் பேராசிரியர், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், அடுத்த வருஷம் இதே இடத்தில் நிக்கப்போற பயத்தில் நாலு மாணவர்கள், முடிஞ்சதும் தர்ற போண்டாவுக்காக இன்னும் நாலு பேர். பொது எங்கேய்யா? (பலத்த கைதட்டல்)

2019-ல் என் தேர்வு. வீட்டில் பேச்சுவாக்கில் சொன்னேன், ‘யார் வேணா வரலாம்’னு. மறுநாள் பார்க்கிறேன், வெளுத்த வேட்டி சட்டையோட எங்க நைனா கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கார். எனக்குக் கை காலெல்லாம் உதறுது. நான் இங்கிலீஷில் பேசறேன், நாப்பது நிமிஷம். அவர் கண்ணு மட்டும் திரையில் இருந்த எண்ணூர் வரைபடத்தை விட்டு நகரலை. முடிஞ்சதும் தேர்வாளர் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார்: ‘சபையில் யாருக்காவது சந்தேகம் உண்டா?’ வழக்கமா யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. நைனா கையைத் தூக்கிட்டார்!

‘அந்தச் செவப்புப் புள்ளி வெச்ச எடத்துல தண்ணி மொண்டியே கண்ணு, அது வத்தத்துலயா, ஏத்தத்துலயா?’

சபையே திரும்பிப் பார்க்குது. என் வழிகாட்டி அதை இங்கிலீஷில் சொன்னார். தேர்வாளர் பேனாவைக் கீழே வெச்சுட்டு என்னைப் பார்த்தார். என்கிட்ட பதில் இல்லை. முகத்துவாரத்தில் தண்ணி வத்தும்போது ஆத்துத் தண்ணியும் கால்வாய்த் தண்ணியும் கடல் பக்கம் இழுக்கும். ஏறும்போது கடல் தண்ணி உள்ளே வந்து அதைக் கரைச்சுடும். ஒரே இடம், ஒரே நாள், காலையில் ஒரு கணக்கு, மத்தியானம் ஒரு கணக்கு. நான் என்னைக்கு எடுத்தேன்னு எழுதினேன், எத்தனை மணிக்கு எடுத்தேன்னு எழுதினேன். வத்தமா ஏத்தமான்னு பிரிச்சுப் பார்க்கவே இல்லை. அறிஞர்கள் பார்த்தாங்க, அத்தனை பேரும் அதைத் தாண்டிப் போயிட்டாங்க. கையெழுத்து மட்டும் போடத் தெரிஞ்ச மனுஷன் பிடிச்சுட்டார்!

பட்டம் தள்ளிப்போச்சு. பழைய நோட்டையெல்லாம் எடுத்து, அந்தந்த நேரத்தை ஓத அட்டவணையோட ஒத்துப் பார்த்து, தண்ணிக் கணக்கு முழுசையும் திரும்பப் போட்டேன். ஒரு அத்தியாயமே மாறிச்சு. மூணு நாள் நான் நைனாகிட்ட பேசலை. அதையும் சொல்லிடறேன், மறைக்கக் கூடாது. (சிரிப்பு)

‘பாமர மக்களுக்கு ஆராய்ச்சி புரியாது’ன்னு எதிரணித் தலைவர் அடிச்சுச் சொன்னாரே, அவருக்கு ஒரு பேர் சொல்றேன். மைக்கேல் ஃபாரடே. லண்டனில் கொல்லர் மகன். புத்தகம் பைண்டிங் பண்ற கடையில் தொழில் கத்துக்கிட்ட பையன். 1812-ல் கடைக்கு வர்ற ஒருத்தர் கொடுத்த டிக்கெட்டில் ஹம்ப்ரி டேவி என்கிற விஞ்ஞானியோட சொற்பொழிவைப் போய்க் கேட்டான். குறிப்பெடுத்தான். அதை அவனே பைண்டிங் பண்ணி அவருக்கே அனுப்பினான். மறு வருஷம் அங்கேயே உதவியாளர் வேலை கிடைச்சது. இன்னைக்கு நம்ம வீட்டு மின்விளக்கு எரியற ஜெனரேட்டர் தத்துவம் அந்தப் பையன் கண்டுபிடிச்சது. ராயபுரத்தில் மெக்கானிக் கடையில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற பையன் கையில் அப்படி ஒரு டிக்கெட்டை யார் கொடுக்கப் போறது?

இப்போ எதிரணி சொன்னதில் ஒண்ணை நான் ஒத்துக்கணும். ‘அரைகுறையாச் சொன்னா பீதி வரும், பிழைப்பு போகும்’னு சொன்னாங்க. உண்மைதாங்க. 2017 ஜனவரி 28, எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டிச்சு. மீனவர்கள், கடலோரக் காவல் படை, கல்லூரி மாணவர்கள் எல்லாரும் வாளியால மொண்டாங்க. நானும் மொண்டேன். ஒரு வாரம் தலைமுடியில் அந்த நாத்தம் போகலை. அப்போ ஊர் முழுக்க ‘மீன் வாங்காதே’ன்னு பேச்சு. எங்க அம்மா கூடை நிறைய மீனோட போய், கூடை நிறைய மீனோட திரும்பி வந்தாங்க. ஆழத்தில் பிடிச்ச மீனா, கரையோரத்து மட்டியான்னு பிரிச்சுச் சொல்ல ஒரு ஆள் எங்க தெருவுக்கு வரலை. தெரிஞ்சவங்க வாயை மூடிக்கிட்டா, தெரியாதவங்க வாயைத் திறப்பாங்க. பீதி வந்தது அந்த வழியா.

அதனால பட்டம் வாங்கினதும் ஒண்ணு செஞ்சேன். எங்க குப்பத்தில் வலை பின்னும் கூடத்தில் ஒரு வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டு, கோயில் மைக்கைக் கடன் வாங்கி, என் ஆராய்ச்சியை ஊருக்குச் சொன்னேன். ‘மட்டிக்கு ஓடவும் தெரியாது, ஒதுங்கவும் தெரியாது. இருந்த இடத்திலேயே தண்ணியை உறிஞ்சி வடிகட்டித்தான் சாப்பிடும். தண்ணியில், சேத்துல இருக்கிற உலோகம் அதோட உடம்பில் சேர்ந்துகிட்டே போகும். ஆழ்கடலில் ஓடற மீன் கதை வேற’ன்னு சொன்னேன்.

எல்லாரும் தலையாட்டினாங்க. அப்புறம் எங்க அம்மா எழுந்தாங்க. வீட்டில் கேட்கலைங்க, சபையில் கேட்டாங்க.

‘அதெல்லாம் சரிடி. நாளைக்குக் காலையில நான் மட்டி விக்கலாமா, வேணாமா?’

என் ஆய்வேட்டில் இருநூறு பக்கத்துக்கு மேல இருக்கு. இந்த ஒரு கேள்விக்கு அதில் ஒரு வரிப் பதில் இல்லை. ‘மேலும் ஆய்வு தேவை’ன்னு முடிச்சிருக்கேன். அறிஞர் சபையில் அது அழகான முடிவு. இங்கே அதைச் சொல்லிட்டு நான் எப்படி இறங்கி வீட்டுக்குப் போறது? ‘வேணாம்மா. அந்தச் சாம்பல் படிஞ்ச பக்கத்து மட்டி வேணாம்’னு சொல்லிட்டேன். (அரங்கில் அமைதி)

அம்மா விக்கிறதை நிறுத்திட்டாங்க. அவங்களுக்கு மீன் இருக்கு. ஆனா எதிர் வீட்டு அக்காவுக்கு மட்டி மட்டும்தான். அந்த ஆத்துல இறங்கித்தான் ரெண்டு பிள்ளைங்களைப் படிக்க வெச்சவங்க. அன்னைக்கு ராத்திரி அந்தக் கூடத்திலிருந்து பாதியிலேயே எழுந்து போனவங்க, என்னோட பேசறதை விட்டுட்டாங்க. கல்யாணத்துல பார்த்தா முகத்தைத் திருப்பிக்குவாங்க. நியாயம்தானே? சாம்பலைக் கொட்டினது யாரோ. சோத்துல கை வெச்சது நான்.

நண்பர்களே, இதைச் சொன்னா என் அணிக்கு மார்க் குறையும்னு தெரியும். இருந்தாலும் சொல்றேன். ஊர்ச் சபையில் சொல்றது சுகமான வேலை இல்லை. அறிஞர் சபையில் தப்பு பண்ணினா பட்டம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். இங்கே சரியாச் சொன்னாலே ஒரு வீட்டில் உலை தள்ளிப்போகும். அதுக்கு அப்புறமும் யாராவது ஒருத்தர் போய் நின்னு சொல்லித்தானே ஆகணும்?

(நடுவர் மணி அடிக்கிறார்.)

ஒரே நிமிஷம் நடுவர் அவர்களே, முடிச்சுடறேன். 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல். வெள்ளத்தோட எண்ணெயும் சேர்ந்து பக்கிங்காம் கால்வாய் வழியா எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்திடுச்சு. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. அப்போ ஒரு நாள் விடியக்காலையில் எங்க வீட்டுக் கதவு தட்டுற சத்தம். யாருக்கோ காய்ச்சல்னு நினைச்சுத் திறக்கிறேன். எதிர் வீட்டு அக்கா நிக்கிறாங்க. முழங்கால் வரைக்கும் எண்ணெய். ஒரு கையில் பழைய தண்ணி பாட்டில், உள்ளே கறுப்பாத் தண்ணி. இன்னொரு கையில் ஒரு பையில் சேறு. பாட்டில் மேல ஒரு துண்டுச் சீட்டு ஒட்டி, மகன்கிட்ட சொல்லி எழுத வாங்கியிருக்காங்க: ‘காலை 4 மணி. வத்தம்.’

கையில் கொடுத்துட்டு அவங்க சொன்னாங்க: ‘இத்தப் பாத்துச் சொல்லு. அன்னைக்கு மாதிரி எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு.’



(நீண்ட கைதட்டல்)