மலையேற்றப் பள்ளியில் கற்றதும் கல்லாததும்

(நமது சங்கத்தின் புனே கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

போன கூட்டத்தில் காபி சாப்பிடும்போது ஒரு மாமா என்னைப் பிடித்துக்கொண்டார். "உம்ம பொண்ணு ஐஸ் மலை ஏறக் கத்துக்கறாளாமே! நம்மாத்துக் குழந்தைகளுக்கு இதெல்லாம் எதுக்கு ஓய்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற செயலாளர், "அடுத்த கூட்டத்துல அதையே பேசிடுங்கோ" என்று மாட்டிவிட்டார். மாமா இன்று முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். என் சகதர்மிணி மூன்றாவது வரிசையில். அவளுக்கும் அதே கேள்விதான். ஆகவே கொஞ்சம் பயத்தோடுதான் ஆரம்பிக்கிறேன்.

என் பெண்ணுக்கு இந்தப் பைத்தியம் என்னிடமிருந்து வந்தது. 1996-ல் எனக்கு 26 வயது. இந்த ஊரில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆபீஸில் ஒரு மராட்டிய நண்பர் ஞாயிறுதோறும் சஹ்யாத்ரி கோட்டைகளுக்கு என்னை இழுத்துக்கொண்டு போவார். சிங்ககட், ராஜ்கட், தோரணா என்று ஏறி, நாலைந்து கோட்டை ஆனதும் நமக்கு மலை வசமாகிவிட்டது என்று எண்ணம் வந்துவிட்டது. அவர்தான், "இது மலை இல்லை. உத்தரகாசிக்குப் போய்ப் பார்" என்றார். அங்கே 1965-ல் தொடங்கிய நேரு மலையேற்றப் பயிற்சி நிலையம் இருக்கிறது. அடிப்படைப் பயிற்சி 28 நாள். லீவு கிடைத்துவிட்டது. அனுமதிதான் கிடைக்கவில்லை. அப்பா, "மலை ஏறணும்னா திருப்பதிக்கு நடந்து போயேன், புண்ணியமாவது கிடைக்கும்" என்றார். அம்மா ஒன்றும் சொல்லாமல் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் கட்டிக் கொடுத்தாள்.

சாப்பாட்டைப் பற்றி எல்லோரும் கேட்பீர்கள், அதை முதலில் முடித்துவிடுகிறேன். ரொட்டி, பருப்பு, சாதம், உருளைக்கிழங்கு எல்லாம் உண்டு. சைவம் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். முட்டையும் வேண்டாம் என்றால் அதையும் தனியாகச் சொல்ல வேண்டும், அந்தப் பக்கத்தில் அது வேறு கணக்கு. என் புளிக்காய்ச்சல் பாட்டில் இரண்டே நாளில் காலி. பெரும்பகுதியைத் தின்று தீர்த்தவர் ஒரு வங்காளப் பள்ளி ஆசிரியர்.

முதல் சில நாட்கள் உத்தரகாசிக்குப் பக்கத்தில் டேக்லா என்ற இடத்தில் பாறை ஏறும் பயிற்சி. அதற்கு முன் முடிச்சுகள். என் வாழ்நாளில் அதுவரை எனக்குத் தெரிந்த முடிச்சு பூணூலின் பிரம்ம முடிச்சு ஒன்றுதான், அதையும் போடத் தெரியாது, பார்க்கத்தான் தெரியும். பயிற்சியாளர்களை அங்கே உஸ்தாத் என்று அழைப்பார்கள். எங்கள் உஸ்தாத் எட்டு முடிச்சை முதலில் பார்த்துப் போடச் சொன்னார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பிறகு கையுறையோடு, கடைசியில் குளிர்ந்த தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு போடச் சொன்னார். எதற்கு இந்தக் கொடுமை என்று அன்று நினைத்தேன். பத்து நாள் கழித்துப் பனிக்காற்றில் விரல் மரத்து நின்றபோது கை தானாகவே முடிச்சைப் போட்டது. புத்தகத்தில் பத்துத் தரம் படித்தாலும் இது வராது. வாய்ப்பாட்டு கற்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பிறகு புக்கி கிராமத்திலிருந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு தேல், குஜ்ஜர் ஹட் என்று படிப்படியாக ஏறி, டோக்ரியானி பனியாற்றின் ஓரத்தில் சுமார் 3,800 மீட்டரில் முகாம். அங்கே காற்றில் கிடைக்கும் பிராணவாயு கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. ஷூ லேஸ் கட்டினாலே மூச்சு வாங்கும்.

அங்கே முதலில் கற்றுக்கொடுப்பது விழுவதற்கு. பனிச்சரிவில் வேண்டுமென்றே நம்மைச் சறுக்க விடுவார்கள். குப்புற, மல்லாக்க, தலைகீழாக. சறுக்கும் வேகத்திலேயே உடம்பைத் திருப்பி, பனிக்கோடரியை மார்புக்குக் குறுக்கே பிடித்து, அதன் கூர்முனையை முழு பாரத்தோடு பனியில் அழுத்த வேண்டும். காலில் க்ராம்பான் மாட்டியிருந்தால் பாதத்தை மட்டும் மேலே தூக்கிக்கொள்ள வேண்டும். அதன் பற்கள் பனியில் மாட்டினால் நம்மை அப்படியே புரட்டிப் போட்டுவிடும். முதல் நாள் நான் பத்துத் தடவை விழுந்து இரண்டு தடவைதான் நின்றேன். சட்டைக்குள் பனி புகுந்து முதுகு விறைத்துவிட்டது. மறுநாள் பத்துக்கு எட்டு.

இனி நான் சொல்லப்போவது என் தப்பு. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக வீட்டில்கூட முழுசாகச் சொன்னதில்லை.

முகாமுக்கு வந்த மூன்றாம் நாள் இரவு தலைவலி மண்டையைப் பிளந்தது. இரண்டு தடவை வாந்தி. காலையில் உஸ்தாத் ஒவ்வொருவரையும் விசாரித்துக்கொண்டு வந்தார். நான், "சப் டீக் ஹை, உஸ்தாத்" என்றேன். தலைவலி என்று சொன்னால் கிரேடு போய்விடும் என்ற பயம். 'ஏ' கிரேடு வாங்கினால்தான் அடுத்த நிலைப் பயிற்சிக்கு எடுப்பார்கள். அது மட்டுமில்லை. நம் வீடுகளில் வளர்ந்த விதமும் ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது. பிறத்தியாருக்குச் சிரமம் கொடுக்காதே, பல்லைக் கடித்துக்கொண்டு சமாளி, பரவாயில்லை என்று சொல். நல்ல வளர்ப்புதான், ஊரில்.

ஆறு பேரை ஒரே கயிற்றில் கோத்துக்கொண்டு பனியாற்றுக்குப் போனோம். ஓய்வுக்கு உட்கார்ந்து எழுந்தபோது அவிழ்த்த க்ராம்பானின் பட்டையை எனக்கு மறுபடி மாட்டத் தெரியவில்லை. முந்தின நாள் கண்ணை மூடிக்கொண்டு மாட்டியவன், பக்கிளைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். உஸ்தாத் பார்த்துவிட்டார். கோபிக்கவில்லை. கயிற்றிலிருந்து என்னைக் கழற்றி, ஒரு குதிகாலை மறு பாதத்தின் விரலோடு ஒட்டவைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொன்னார். நாலாவது அடியில் தள்ளாடினேன். அவ்வளவுதான். உயரத்தால் மூளையில் நீர் கோத்து வீங்க ஆரம்பித்தால் முதலில் போவது இந்தச் சமநிலை. மருந்துகள் உண்டு, ஆனால் நம்பக்கூடிய வைத்தியம் ஒன்றுதான், உடனே கீழே இறங்குவது. கால் மணி நேரத்துக்குள் ஓர் உதவியாளரோடு என்னை இறக்கிவிட்டார்கள்.

புறப்படும்போது அவர் ஹிந்தியில் சொன்னதன் சாராம்சம் இது. "ரோப்பில் ஆறு பேர் இருந்தீர்கள். நீ பொய் சொன்னது என்னிடம் இல்லை, அந்த ஐந்து பேரிடம்." நான் தடுமாறி ஒரு பிளவில் விழுந்திருந்தால் முதலில் இழுபட்டிருக்க வேண்டியவர் என் புளிக்காய்ச்சலைத் தின்ற அந்த ஆசிரியர். எனக்குப் பின்னால் கயிற்றில் அவர்தான் இருந்தார்.

குஜ்ஜர் ஹட் வந்ததும் தலை தெளிந்துவிட்டது. ஆனால் அந்த வருஷப் பயிற்சி எனக்கு அத்தோடு முடிந்தது. 1997 மே மாதம் மறுபடி போய் முடித்தேன். அந்தத் தடவை லேசாகத் தலை வலித்தாலே போய்ச் சொன்னேன். 'ஏ' கிரேடும் கிடைத்தது.

இந்தக் கதையோடு நிறுத்தினால் மாமாவுக்குப் பதில் சொன்ன மாதிரி ஆகிவிடும். ஆனால் 2022 வந்தது.

அந்த வருஷம் அக்டோபர் 4-ம் தேதி, நான் படித்த அதே டோக்ரியானி பனியாற்றுக்கு மேலே 5,670 மீட்டர் உயரமுள்ள திரௌபதி கா தண்டா-2 சிகரத்தில், உயர்நிலைப் பயிற்சிக் குழு ஒன்று பனிச்சரிவில் சிக்கியது. 27 உடல்களை மீட்டார்கள். இரண்டு பேர் கிடைக்கவேயில்லை. இறந்தவர்களில் சவிதா கன்ஸ்வால் என்ற பயிற்சியாளரும் ஒருவர். அந்த மே மாதம்தான் எவரெஸ்ட், மகாலு இரண்டையும் 16 நாட்களுக்குள் ஏறிச் சாதனை படைத்திருந்தார். டி.வி.யில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. என் பெண் அப்போது அடிப்படைப் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். சகதர்மிணி டி.வி.யை அணைத்துவிட்டு என்னைக் கேட்டாள்: "ஏன்னா, கத்துக்கொடுக்கறவாளே போயிட்டா. அப்பறம் இவ போய் என்னத்தக் கத்துக்கறது?"

என்னிடம் பதில் இல்லை. இன்றும் முழுப் பதில் இல்லை. அங்கே போனவர்கள் எல்லோரும் என்னைவிட நன்றாகத் தேறியவர்கள். கயிறும் முடிச்சும் தெரிந்தவர்கள். பயிற்சி எடுத்துக்கொண்டால் ஆபத்து போய்விடும் என்று இந்த மேடையில் நான் சொன்னால், 1996-ல் உஸ்தாதிடம் சொன்ன அதே பொய்யைத்தான் மறுபடி சொல்கிறேன்.

என் பெண் வாதாடவில்லை. 2023-ல் டார்ஜிலிங் போனாள். 1954-ல் நேரு தொடங்கிவைத்த ஹிமாலய மலையேற்றப் பயிற்சி நிலையம் அது. முந்தின வருஷம் எவரெஸ்ட் ஏறிய டென்சிங் நோர்கேதான் அங்கே களப்பயிற்சியின் முதல் இயக்குநர். ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. உலகப் புகழ் வந்த பிறகு, 1954-ல் அவர் சுவிட்சர்லாந்தில் ரோஸன்லாவி மலையேற்றப் பள்ளிக்குப் போய், எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று பாடம் கேட்டுவிட்டு வந்தார். நமக்குத்தான் நாலு கோட்டை ஏறியதும் எல்லாம் தெரிந்துவிடுகிறது.

சுமார் 14,600 அடியில் இருக்கும் சௌரிகாங் முகாமுக்குப் போய்விட்டு யுக்சம் திரும்பியதும் அவளிடமிருந்து போன் வந்தது. "அப்பா, ஜோங்ரில எனக்குத் தலைவலி. நானே போய்ச் சொன்னேன். ஒரு நாள் அங்கேயே நிறுத்தி வெச்சா. கூட வந்தவா எல்லாம் மேல போறத பாத்துண்டு உக்காந்திருந்தேன். அழுகையா வந்தது." பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவள் அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். நான் பால்கனிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

அடுத்து பனிச்சறுக்கு. ஔலியில் கற்றுக்கொண்டு, 2024 பிப்ரவரியில் குல்மார்கில் ஸ்கீ மலையேற்றப் பயிற்சிக்குப் போனாள். 2026 மிலானோ-கோர்டினா குளிர்கால ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட விளையாட்டு இது. ஸ்கீக்கு அடியில் ஒரு ரோமப் பட்டையை ஒட்டிக்கொள்வார்கள். முன்னால் தள்ளினால் வழுக்கும், பின்னால் வழுக்காது. குதிகால் அசையும்படி விட்டு மேலே நடந்து ஏறி, உச்சியில் பட்டையை உரித்துப் பையில் வைத்து, குதிகாலைப் பூட்டிக்கொண்டு சறுக்கி இறங்குவது. கேட்க ஜாலியாக இருக்கும். ஆனால் பயிற்சியில் பாதி நேரம் தேடுவதுதான். ஒவ்வொருவர் உடம்பிலும் சமிக்ஞை அனுப்பும் ஒரு சிறு கருவி இருக்கும். ஒரு கருவியைப் பையில் போட்டுப் பனியில் புதைத்துவிடுவார்கள். மற்றவர்கள் தங்கள் கருவியால் அது இருக்கும் இடத்தை நெருங்கி, நீளக் கம்பியால் குத்திப் பார்த்து, மண்வெட்டியால் தோண்டி எடுக்க வேண்டும். புதைந்தவரை முதல் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு. அதாவது ஹெலிகாப்டர் வரும்வரை காத்திருக்க முடியாது, கூட வந்தவர்கள்தான் எடுக்க வேண்டும். முதல் தடவை இவளுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. கடைசி நாள் ஆறு நிமிடம். வீட்டுக்கு வந்த பிறகும் பழக்கம் விடவில்லை. கருவியைச் சோபா மெத்தைக்கு அடியில் ஒளித்துவைத்து அம்மாவைத் தேடச் சொன்னாள். சகதர்மிணி மூன்று நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள். அவளுக்குத் தெரியாமல் இந்த வீட்டில் எதை ஒளிக்க முடியும்?

போக விரும்பும் இளைஞர்களுக்கு இரண்டு வார்த்தை. மணாலியிலும் பஹல்காமிலும்கூட இத்தகைய நிலையங்கள் உண்டு. பெரும்பாலும் நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும், டாக்டர் சான்றிதழ் வேண்டும். இடங்கள் பல மாதம் முன்பே நிரம்பிவிடும். மூன்று மாதமாவது ஓடிப் பழகுங்கள். பத்துக் கிலோ அரிசியைப் பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு அபார்ட்மெண்ட் படிகளில் ஏறி இறங்குங்கள். லிஃப்டில் வருகிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

என் பெண் இப்போது உயர்நிலைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறாள். உத்தரகாசிக்கே. விண்ணப்பம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பதினோரு நாளாக இருக்கிறது. அவளுக்கு 24 வயது, சட்டப்படி எங்களைக் கேட்க வேண்டியதில்லை. ஆனாலும் அம்மா பார்க்கட்டும் என்று வைத்திருக்கிறாள். சகதர்மிணி அதன்மேல் ரசப் பாத்திரத்தை வைக்காமல் தினமும் நகர்த்தி வைக்கிறாள். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை.

மாமா, உங்கள் கேள்விக்கு இவ்வளவுதான் என்னால் முடிந்தது. பையில் ஆறு மீட்டர் கயிறு கொண்டுவந்திருக்கிறேன். எட்டு முடிச்சு போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் காபி முடிந்ததும் ஹாலின் பின்பக்கம் வாருங்கள். கையை நனைத்துக்கொள்ள ஒரு பக்கெட் தண்ணீரும் வைத்திருக்கிறேன்.