ஏட்டில் ஏறாத பெயர்கள்



அரசாங்கம் மக்களுக்கென நடத்தும் சுகாதாரத் திட்டங்கள், நிவாரணத் திட்டங்கள் பற்றி ஆண்டுதோறும் அறிக்கைகள் வெளிவருகின்றன. இத்தனை இலட்சம் குடும்பங்களுக்கு உதவிப்பணம் சென்றது, இத்தனை தாய்மார் சிகிச்சை நிலையங்களுக்கு வந்தனர், இத்தனை பொதி சத்துமா விநியோகிக்கப்பட்டது என்று அவை கூறும். இவை வேண்டிய கணக்குகளே. ஆயினும், வந்தவரை மட்டுமே இவ்வேடுகள் எண்ணுகின்றன. வராதவர் யார், அவர் ஏன் வரவில்லை, வந்தவர் கையிற் பெற்றது வீட்டுக்குப் போய் என்னவாயிற்று என்பவற்றை அறிவதற்கு வேறொரு வகை ஆராய்ச்சி வேண்டும். அத்தகைய ஆராய்ச்சி நம் நாட்டில் எவற்றைக் கண்டது, எவற்றைக் காணாது விட்டது என்பதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

குறையைச் சொல்லுமுன் நிறைவைச் சொல்லிவிடுவது முறை. 1926 ஆம் ஆண்டிலே களுத்துறையில் இந்நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. வைத்தியசாலை என்பது நோயாளி வரும்வரை காத்திருக்கும் இடம். இப்பிரிவோ ஊரைப் பகுதி பகுதியாக வகுத்து, மருத்துவ மாதரை நியமித்து, கருவுற்ற தாய்மாரை அவர்தம் வீட்டுக்கே சென்று காணும்படி செய்தது. மழையென்றும் வெயிலென்றும் பாராது குடையும் பையுமாக ஒழுங்கையிலே நடந்து வரும் அந்த அம்மாவை நம்மிற் பலர் சிறு வயதிற் கண்டிருப்போம். விண்ணப்பம் எழுதித் தாருங்கள் என்று அவர் எவரையும் கேட்பதில்லை. அவருடைய பதிவேட்டில் அப்பகுதிக் குடும்பங்கள் எல்லாம் இருக்கும். எந்த வீட்டுக்கு இம்மாதம் போகவில்லை என்பதும் அதிலேயே தெரியும். 1930 களின் தொடக்கத்தில் ஆயிரம் பிள்ளைப்பேறுகளுக்கு இருபது தாய்மார் அளவில் இந்நாட்டில் இறந்தனர். அண்மைக் கால ஆண்டுகள் பலவற்றிலே அத்தொகை இலட்சத்துக்கு நாற்பதிலும் குறைந்து நின்றது. 1985 இல் றொக்பெல்லர் மன்றம் கூட்டிய ஆய்வு மாநாடொன்றில், குறைந்த செலவில் நல்ல சுகாதாரத்தை எய்திய இடங்கள் எனச் சீனா, கொஸ்தாரிக்கா, கேரளம் ஆகியவற்றோடு இலங்கையும் எடுத்து ஆராயப்பட்டது. இலவச வைத்தியம், இலவசக் கல்வி, அரிசிப் பங்கீடு, சர்வசன வாக்குரிமை என அறிஞர் காரணங்கள் பல கூறுவர். வீடு தேடிச் சென்ற அம்மாதருக்கே நான் முதலிடம் கொடுப்பேன்.

ஆனால், நாட்டின் சராசரி நன்றாயிருப்பதால் அதன் ஒவ்வொரு மூலையும் நன்றாயிருக்கிறது என்று கொள்வதற்கில்லை. களுத்துறையில் தொடங்கிய முறை நாடெங்கும் பரவியபோது, தேயிலைத் தோட்டங்களின் எல்லையிலே பெரும்பாலும் நின்றுவிட்டது. தோட்டத் தொழிலாளரின் வைத்திய வசதி தோட்ட நிருவாகத்தின் பொறுப்பென 1912 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டங்கள் வகுத்திருந்தன. ஆகவே ஊரிலுள்ள தாயின் வாசலுக்கு அரசாங்க மருத்துவ மாது வந்தார். பக்கத்து மலையில் லயத்திலிருந்த தாய்க்குத் தோட்டத்து டிஸ்பென்சரியே கதியாயிற்று. 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே அந்த வேலி சிறிது சிறிதாகத் தளர்ந்தது.

அதன் விளைவை எண்களிற் காணலாம். 2016 ஆம் ஆண்டுக் குடிசன, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமின்றிக் குறுகியவர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17.3 பேர். தோட்டங்களிலே நூற்றுக்கு 31.7 பேர். பத்தாண்டுகளுக்கு முன் அது நாற்பதளவில் இருந்தது என்பதால், முன்னேற்றம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் மூன்று பிள்ளைகளுள் ஒரு பிள்ளை குறுகியிருக்கும் வகுப்பறையில் நின்று பாடஞ் சொல்பவருக்கு, 17.3 என்பது வேறெங்கோ உள்ள ஒரு நாட்டின் கணக்காகவே தோன்றும்.

இனி நிவாரணத்துக்கு வருவோம். 1942 இல் யுத்தகாலத்தில் ஏற்பட்ட அரிசிப் பங்கீடு பல ஆண்டுகள் எல்லோருக்கும் பொதுவாயிருந்தது. செல்வரும் பெற்றனர் என்பது அதன்மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டு. உலகச் சந்தையில் உணவு விலை உயர்ந்து பங்கீடு சுருங்கிய 1974 ஆம் ஆண்டில் என்ன நேர்ந்ததென்பதை ஆராய்ந்தவர்கள், தோட்டங்களில் மரணத் தொகை திடீரென ஏறியதைக் கண்டனர். வயலோ தென்னந்தோப்போ இல்லாதவர்க்குக் கூப்பன் அரிசி குறைந்தால் ஈடு செய்ய வேறொன்றுமில்லை. 1978 இல் பங்கீடு, மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கென மட்டுப்படுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு உணவு முத்திரை வந்தது. வறியவருக்கு மட்டும் கொடுப்பது நியாயமென்றே எவருக்கும் தோன்றும். ஆனால் வறியவர் யாரென்பதை எவ்வாறு அறிவது? கடைக்காரரும் கமக்காரரும் தம் வருமானம் இவ்வளவே என்று எழுதிக் கொடுத்தால் மறுப்பதற்கு ஏடில்லை. தோட்டத் தொழிலாளியின் சம்பளமோ செக்ரோலிலே சதக் கணக்காக எழுதப்பட்டிருக்கிறது. குடும்பத்தில் மூவர் கொழுந்தெடுத்தால் மூவரின் சம்பளமும் கூட்டப்படும். ஏட்டில் எழுதப்பட்ட வருமானம் உடையவர் என்பதாலேயே அவர்களிற் பலர் முத்திரைக்கு வெளியே நின்றனர். நெவில் எதிரிசிங்க 1987 இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் காட்டிற்று: விலைவாசி ஏற, முத்திரையிற் குறித்த தொகை ஏறாது நின்றமையால், மிக வறிய பிரிவினர் உண்ணும் உணவின் அளவே குறைந்துபோயிற்று.

1995 இல் சமுர்த்தி வந்தது. அதனை எலெனா கிளின்ஸ்காயா என்பவர் உலக வங்கிக்காக ஆராய்ந்து 2000 ஆம் ஆண்டில் எழுதினார். நாட்டின் குடும்பங்களை ஐந்து சம பிரிவுகளாக வகுத்தால், மிக வறிய பிரிவினுள் நூற்றுக்கு 40 குடும்பங்கள் அளவில் சமுர்த்தி உணவு உதவியைப் பெறவில்லை. செலவான பணத்தில் நூற்றுக்கு 44 வரை மேலுள்ள மூன்று பிரிவினருக்குச் சென்றது. செலவு பெருகியதை எல்லோரும் அறிந்திருந்தனர். அந்த நாற்பது வீட்டாரைக் காண்பதற்கு ஒருவர் வீடு வீடாகக் கணக்கெடுக்க வேண்டியிருந்தது.

2023 இல் சமுர்த்தி உதவிப்பணத்தின் இடத்துக்கு அஸ்வெசும வந்தது. ஆளின் முகம் பார்த்துத் தெரிவு செய்யும் வழக்கத்தை ஒழித்து, கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்னும் ஆறு வகையில் 22 குறிகாட்டிகளால் ஒவ்வொரு குடும்பத்தையும் அளப்பது இதன் நோக்கம். நல்ல நோக்கமே. 37 இலட்சம் அளவிலான குடும்பங்கள் விண்ணப்பித்தன. முதற் பட்டியல் வெளியானபின் வந்த மேன்முறையீடுகள் பத்து இலட்சத்தை நெருங்கின. இத்தொகையைக் கொண்டே திட்டத்தின் குறையை அளப்பவர் உளர். அதில் ஒரு தவறு உண்டு. மேன்முறையீடு செய்தவர் எழுதத் தெரிந்தவர், அல்லது எழுதிக் கொடுக்க ஒருவரை உடையவர். முதல் விண்ணப்பமே செய்யாதவர் இந்தக் கணக்கிலும் இல்லை.

நான் அதிபராயிருக்கும் மலைநாட்டுப் பாடசாலைக்கு அந்நாட்களில் பெற்றோர் பலர் வந்தனர். பிள்ளை பள்ளியிற் படிப்பதற்குச் சான்று வேண்டுமென்பது காரணம். ஒரு லயத்திலுள்ள குடும்பங்கள் யாவற்றுக்கும் ஒரே விலாசம். அதனால் எழுத்திற் பார்த்தால் எல்லோரும் ஒரே வீட்டார். தாயின் அடையாள அட்டையில் ஒரு பெயர், பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் அதே பெயர் வேறு எழுத்துக்களில். இதனைத் திருத்தப் பிரதேச செயலகத்துக்கு ஒரு நாள் போகவேண்டும். அன்று அவருக்குப் பேர் விழாது. அதாவது ஒரு நாட் சம்பளம் போயிற்று. முதல் நாள் உரிய உத்தியோகத்தர் இல்லையென்றால் இரண்டாம் நாளும் போயிற்று. உதவிப்பணத்தை விட்டுவிடுவோம் என்று மூன்றாம் நாள் ஒரு தாய் தீர்மானித்தால், அவரை அக்கறையற்றவர் என்று நாம் சொல்லலாமா? அவர் செய்தது நல்ல கணக்கு.

பெற்றவர் கையிற் பெற்றது என்னவாயிற்று என்பது அடுத்த கேள்வி. திரிபோஷாவை எடுத்துக்கொள்வோம். 1973 முதல் கருவுற்ற தாய்மாருக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், நிறை குறைந்த சிறு பிள்ளைகளுக்கும் இச்சத்துமா இலவசமாய் வழங்கப்பட்டு வருகிறது. (2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் சோளம் கிடையாது உற்பத்தி தடைப்பட்டது வேறு கதை.) மாதம் 750 கிராம் பொதிகள் இரண்டு, நாளொன்றுக்கு ஐம்பது கிராம் என்று ஆகிறது. நிலையத்தின் ஏட்டில் இரண்டு பொதி கொடுத்ததாகப் பதிவு உண்டு. பிள்ளையின் நிறை ஏறவில்லை என்ற பதிவும் உண்டு. இரண்டையும் பார்த்த ஆராய்ச்சியாளர் மாவிலே குறையா, பிள்ளையிலே நோயா என்று தேடலாம். அவர் ஒரு முறை மாலை நேரத்தில் அந்த வீட்டு அடுப்படியில் இருந்து பார்க்கட்டும். தாய் மாவைக் குழைத்து உருண்டை பிடிக்கிறாள். நிறை குறைந்த பிள்ளை ஒன்று. அதற்கு மூத்தவை மூன்றும் சுற்றி இருக்கின்றன. ஒன்றுக்கு மட்டும் ஊட்டி மற்ற மூன்றையும் பார்க்கச் சொல்ல எந்தத் தாயால் முடியும்? ஐம்பது கிராம் நான்காய்ப் பிரிந்து பன்னிரண்டு கிராம் ஆகிறது. தாய்க்குப் போதனை செய்ய வேண்டும் என்று எழுதும் அறிக்கைகளைப் படிக்கும்போது எனக்குச் சிறிது கோபம் வருவதுண்டு. போதனை வேண்டியது பொதியின் அளவைத் தீர்மானிப்பவருக்கு.

ஆராய்ச்சியும் சிலரை விட்டுவிட்டே நடந்திருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். 1987, 1993 ஆம் ஆண்டுகளின் சுகாதார அளவீடுகள் யுத்தத்தின் காரணமாக வடக்கையும் கிழக்கையும் உள்ளடக்கவில்லை. 2006, 2007 இல் நடந்த அளவீட்டிலும் வட மாகாணம் இல்லை. 1981 க்குப் பின் நாடு முழுவதற்கும் குடிசன மதிப்பு எடுக்கப்பட்டது 2012 இலேதான். இக்காலமெல்லாம் இலங்கையின் சராசரி இதுவென்று உலகப் புத்தகங்களில் அச்சான எண்களிலே, இடம்பெயர்ந்து கொட்டில்களில் இருந்த பிள்ளைகளின் நிறையும் உயரமும் சேர்ந்திருக்கவில்லை. இருபத்தைந்து மாவட்டங்களையும் முழுமையாகக் கண்ட முதல் அளவீடு 2016 ஆம் ஆண்டினதே.

மாவட்டம் சேர்ந்தால் வீடுகளும் சேர்ந்துவிட்டன என்பதில்லை. கணக்கெடுப்பவர் பெரும்பாலும் முற்பகலில் வருவார். அந்நேரம் தோட்டத்துத் தாய் மலையிலே கூடையோடு நிற்கிறாள். கைப்பிள்ளை பிள்ளைக் காம்பிராவில். வீட்டிலிருப்பது பார்வை மங்கிய பாட்டி. பிள்ளை நேற்று என்ன உண்டது என்ற கேள்விக்கு அவர் சொல்லும் மறுமொழி படிவத்தில் ஏறுகிறது. கேட்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், லயத்தில் யாரேனும் ஒருவர் இடையில் நின்று மொழிபெயர்ப்பார். கடன் எவ்வளவு, இரவு உணவின்றிப் படுத்த நாள் எத்தனை என்ற கேள்விகளுக்கு அயலவர் முன்னிலையில் உண்மை வராது. எங்கள் தோட்டத்தில் பிற்பகற் கொழுந்து நிறுத்து முடிய ஐந்து மணியாகும். ஆறு மணிக்கு மேல் தமிழ் பேசும் ஒரு பெண் உத்தியோகத்தர் வந்து, அடுப்புக்கு அருகே அமர்ந்து கேட்பாராயின், அதே வீட்டார் வேறு மறுமொழி சொல்வர்.